யோர்டிஸும் இல்லாத கையும்

யோர்டிஸ் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, நான் சமைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சமையலறையின் பின்பக்கம், எச்சில் பீப்பாய்க்குப் பக்கத்தில். எழுபத்து நான்காம் வருடம், பிப்ரவரி மாதம், புதன்கிழமை. புதன்கிழமை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அன்று ஈரல் வறுவல். ஈரல் போடும் நாளில், மிச்சத்தை எடுத்துப்போகிற பன்றிக்காரனின் பீப்பாய் வழியும்.

கதவைத் திறந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பீப்பாய்க்குள் இடுக்கியை விட்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பழைய செய்தித்தாளில் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று உல்ரிக்கா, மீன் ஏலக்காரன் பெண். இன்னொன்று ரோய்னே.

"என்னடா பண்றீங்க என் பீப்பாயில?"

"ஆராய்ச்சி," என்றான் ரோய்னே.

"யாரு சொன்னது?"

"யோர்டிஸ் சொன்னா."

"யாருடா அது? உங்க அக்காவா?"

"டீச்சர்!"

எனக்குப் பீப்பாய் மறந்துபோனது. ஸ்வீடன் முழுக்க அந்த வருடங்களில்தான் 'நீங்கள்' போய் 'நீ' வந்துகொண்டிருந்தது. ரேடியோவில் மந்திரியைக்கூட நீ என்றார்கள். ஆனாலும் எங்கள் கரையோரத்துக்கு எதுவுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். டீச்சரைப் பெயர் சொல்லி, அதிலும் 'சொன்னா' என்று ஒரு பிள்ளை சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் வகுப்புச் சுவரில் அந்த ஆராய்ச்சியை ஒட்டியிருந்தார்கள். தட்டு எடுக்கப்போன சாக்கில் படித்தேன். "இந்த மக்கள் உருளைக்கிழங்கை விரும்பி உண்டார்கள். புதன்கிழமை மட்டும் ஈரலை உண்ணவில்லை. அதைத் தங்கள் தெய்வத்துக்குப் படைத்திருக்கலாம். தெரியவில்லை."

நான் கத்தலாம் என்று வாயைத் திறக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல். "நீதான் அஸ்தாவா? கோவமா இருக்கியா? இருக்க வேண்டியதுதான். கேக்காம உன் பீப்பாய்க்கு ஆள் அனுப்பிட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். நெட்டை. தடித்த கண்ணாடி. வேர்ம்லாந்துக் காட்டுப் பக்கத்துப் பேச்சு, ஒவ்வொரு வார்த்தையையும் மேலே தூக்கிக் கீழே வைக்கும். இருபத்தேழு வயது இருக்கும்.

"மூவாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க இருந்தவங்களப் பத்தி இந்த வருஷம் முழுக்கப் படிக்கப் போறோம்," என்றாள். "அவங்க பேசினதை யாரும் எழுதி வைக்கல. போட்டது, விட்டது, கீறினதுதான் மிச்சம். அதை எப்படிப் படிக்கிறதுன்னு முதல்ல உன் பீப்பாயில பழகட்டும்னு பாத்தேன்."

"நல்லாப் பழகிச்சுங்க. என் சமையல ஊருக்கே சொல்லிடுச்சுங்க."

"உப்பு கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்," என்றாள், சிரிக்காமல். அப்புறம் இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

அவள் தங்கியிருந்தது எலியாஸ் மாமாவின் மாடி அறையில். எலியாஸ் என் அம்மா ஹுல்டாவின் கடைசித் தம்பி, ஒன்பது பேரில் ஒன்பதாவது. அவர் மனைவி போர்யில்ட் அத்தை அறுபத்தெட்டாம் வருடம் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. முப்பது வருடம் கல்குவாரியில் துளை போடும் இயந்திரம் பிடித்தவர். எங்கள் பூஹுஸ்லென் கரையில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ கல் உடைத்தவர்தான், ஆனால் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்வதில் எலியாஸ் மாமாவை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். அவருக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும்.

மாமா பழைய காலத்து மனுஷர். யோர்டிஸை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார், 'நீங்கள்' என்றுதான் பேசுவார். ஊரையே நீ என்ற யோர்டிஸும் அவரிடம் மட்டும் 'நீங்க' என்றே பேசினாள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. வயதில் பெரியவர் முதலில் தன் பெயரைச் சொல்லி, இனிமேல் நீ என்று கூப்பிடலாம் என்று விட்டுக்கொடுக்க வேண்டும். மாமா விடவில்லை. "நேத்து வந்தவ, நாளைக்குப் போறவ," என்பார் என்னிடம். ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு அவளுக்குக் காபி போட்டுக் கெட்டிலை மூடி வைப்பார். மாவு தீர்ந்தால் எனக்கு ஆள் அனுப்புவார், டீச்சருக்கு ரொட்டி வேண்டும் என்று.

ஏப்ரலில் பனி உருகியதும் யோர்டிஸ் பிள்ளைகளைப் பாறைக்குக் கூட்டிப்போனாள். மேல்பண்ணைக்குப் பின்னால் சரிந்து கிடக்கிற அந்தப் பாறையில் பழைய ஆட்கள் ஒரு படகைக் கொத்தியிருக்கிறார்கள். உள்ளே பதினோரு ஆள், சின்னச் சின்னக் கோடாக. பின்பக்கம் ஒரு பெரிய ஆள், வலது கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்பான். ஊரில் அவனுக்கு டாட்டாக்காரன் என்று பெயர். கடையில் விற்கும் காபிக் கோப்பையில் அவன்தான். ஊர் வரலாற்றுச் சங்கத்தின் கொடியில் அவன்தான். அந்த வசந்தத்தில் கால்பந்துக்காரர்களின் புதுச் சட்டையிலும் அவனையே தைத்திருந்தார்கள்.

பழைய கோடுகள் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் கோட்டுக்குள் சிவப்புச் சாயம் பூசி வைப்பார்கள். எங்கள் பாறைக்குச் சாயம் பூசியவர் எலியாஸ் மாமா. பதினான்கு வருடமாக, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. டாட்டாக்காரனின் கையைக் கண்டுபிடித்ததே அவர்தான். அவருக்கு முன்னால் பூசியவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. சங்கத் தலைவர் சிக்வர்ட் அதைப் பற்றிப் பேசி, செய்தித்தாளில் மாமாவின் படம்கூட வந்தது. அந்தத் துண்டு போர்யில்ட் அத்தையின் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டுத் தொங்கியது.

யோர்டிஸுக்குப் பாறையில் சில சட்டங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும். முதலில் கண்ணைக் கட்டிக்கொண்டு விரலால் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கண்ணால். புத்தகம் கடைசியில். நோட்டில் பார்த்தது ஒரு பக்கம், தெரியாதது மறுபக்கம். மேலே காகிதத்தை விரித்து, கார்பன் மைத்தாளை உருண்டையாகச் சுருட்டித் தேய்த்தால், மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். பிறகு ஒரு பிடி புல்லைப் பிடுங்கி அதன் மேலேயே தேய்த்தால் கறுப்பு காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் பச்சையும் கறுப்புமாகச் சாப்பாட்டுக்கு வந்து என் மேஜைத் துணிகளைப் பாழாக்கினார்கள்.

ஒரு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் யோர்டிஸ் சமையலறைக்கு வந்து, துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

"என்ன, சொல்லு," என்றேன்.

"அஸ்தா, அந்தக் கை இல்ல."

"எந்தக் கை?"

"டாட்டாக்காரனோட கை. ரோய்னே தேச்சான், வரல. சரியாத் தேய்க்கலன்னு எல்லாரும் அவனத் திட்டினாங்க. உல்ரிக்கா தேச்சா, வரல. நான் தேச்சேன். படகு வருது, பதினோரு பேரும் வர்றாங்க, பெரிய ஆள் வர்றான். கை இருக்கிற இடத்துல ஒரு மெல்லிசான கோடு மட்டும், அதுவும் கைக்கு மேலயும் கீழயும் நீண்டு போகுது. கொத்தின கோடு இல்ல அது."

எனக்குக் கோபம் மூக்குவரை ஏறியது. "எங்க மாமா பொய் சொல்றார்ங்கிறியா?"

"இல்ல. தப்பாப் பூசிட்டார்."

"அவரா? கல்லுலயா? நீ காட்டுலேர்ந்து வந்தவ. உனக்கு மரம் தெரியும், கல்லு தெரியாது."

அவள் இன்னொரு தட்டை எடுத்தாள். நான்தான் மேலும் பேசினேன். "படத்துல ஒரு கை கூட இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? விட்டுடேன். பிள்ளைங்ககிட்ட கை இருக்குன்னு எழுதச் சொல்லு. மே கடைசில பள்ளிக்கூடக் கண்காட்சி, ஊரே வரும். மாமா முன் வரிசையில உக்காருவார்."

"பிள்ளைங்க கண்ணக் கட்டிக்கிட்டு விரலால பாத்ததை, நான் எப்படிப் பாக்கலன்னு எழுதச் சொல்றது? அப்புறம் அதுங்க எதையுமே தொட்டுப் பாக்காது அஸ்தா. என்கிட்ட வந்து எது சரின்னு கேட்டு எழுதிக்கும்." தட்டைக் கீழே வைத்தாள். "ஆனா காலைல ஆறு மணிக்குக் காபி வச்சுத் தர்றவர் அவர். அந்த வீட்டுல எப்படி மாடிப்படி ஏறுவேன்?"

அதுதான் விஷயம். எழுதினால் கிழவரின் ஒரே பெருமை போகும். எழுதாவிட்டால் பிள்ளைகளுக்குத் தங்கள் விரல்மேல் வந்த நம்பிக்கை போகும். இதில் அவளுக்கு உதவ என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு மாமாதான் முக்கியம், மறைக்க என்ன இருக்கிறது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளைகளையே கடிதம் எழுத வைத்தாள். "அன்புள்ள எலியாஸ் தாத்தா, எங்கள் நோட்டில் தெரியாதது பக்கம் நிறைந்துவிட்டது. உங்களுக்குக் கல்லைத் தெரியும். வெள்ளிக்கிழமை பாறைக்கு வந்து எங்களோடு பார்க்க முடியுமா?" பதினான்கு கையெழுத்து. மாமா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் ஊர் சுற்றினார்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். பிள்ளைகளுக்குப் பழச்சாறும் லவங்கப்பட்டை பன்னும் கொண்டுபோகிற சாக்கு. மாமா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் வந்தார். எப்போதும் போலக் கழுத்துப் பொத்தான் திறந்தே இருந்தது. அக்கா மகள் என்ற உரிமையில் அதற்காகப் பல வருடமாக அவரைத் திட்டியிருக்கிறேன், அன்றும் திட்டினேன். செருப்பைக் கழற்றச் சொன்னதும் கழற்றினார். காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"காத்து வாங்கட்டும் பாவம்," என்றார் மாமா, விரலை ஆட்டிக் காட்டி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பிறகு ஒரு கால் மணி நேரம் அவர் பேசியதை யோர்டிஸே நோட்டில் எழுதிக்கொண்டாள். கல்லுக்கு நரம்பு எப்படிப் போகிறது, கொத்திய இடத்தில் பொடி எப்படி நசுங்கியிருக்கும், பனியுகத்தில் பனிப்பாறை இழுத்துப்போன கோடு எப்படி இருக்கும். "பனி இழுத்த கோடு எல்லாம் ஒரே பக்கம் ஓடும். உள்ள வழவழன்னு இருக்கும். மனுஷன் கொத்தினது நொறுநொறுன்னு இருக்கும். குருடன்கூடச் சொல்லிடுவான்."

"அப்ப கண்ணக் கட்டிக்கலாமா தாத்தா?" என்றாள் உல்ரிக்கா. "எங்க சட்டம் அது."

மாமா மறுத்திருக்கலாம். பிள்ளைகள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். குனிந்து கொடுத்தார், ரோய்னே தன் கழுத்துத் துணியால் கட்டினான். உல்ரிக்கா அவர் வலது கையைப் பிடித்துப் படகின் அடிக்கோட்டில் வைத்தாள். அந்தப் பாறையிலேயே ஆழமான கோடு அது. சுண்டுவிரல் புதையும்.

"என்ன இருக்கு தாத்தா?"

மாமாவின் விரல்கள் மேலும் கீழும் போயின. ஒரு தரம். இன்னொரு தரம்.

"இங்க ஒண்ணும் இல்லையே," என்றார். "வழவழன்னு இருக்கு. வேற இடத்துல வை."

யாரும் சிரிக்கவில்லை. ரோய்னே யோர்டிஸைப் பார்த்தான். யோர்டிஸின் முகம் வெளுத்துவிட்டது. மாமா காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பதைப் பார்த்திருக்கிறாள், மூட்டுவாதம் என்று நினைத்திருக்கிறாள். இது இப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியாது. அந்த மௌனத்திலேயே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. துணியைத் தானே கீழே இழுத்தார். தன் விரல் எந்தக் கோட்டுக்குள் கிடக்கிறது என்று பார்த்தார்.

முப்பது வருடம் அதிர்ந்த இயந்திரம். குளிரில் அவர்களுக்கு விரல் வெள்ளையாகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்புறம் எதுவும் தெரியாமலே போகும் என்பதை அவர்கள் வெளியே சொல்வதில்லை. மாமா யாரிடமும் சொன்னதில்லை. அத்தையிடம் சொன்னாரோ என்னவோ.

"இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது," என்றார் கடைசியில், பிள்ளைகளிடம் இல்லை, கையிடம். "ரொம்ப நாளாச்சு."

உல்ரிக்காதான் முந்திக்கொண்டாள். பதினொரு வயதுப் பெண்ணுக்கு வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை போல. "அப்ப கன்னத்தால பாருங்க தாத்தா. எங்க தம்பிப் பாப்பா எல்லாத்தையும் வாயாலதான் பாக்கும். கையால எடுக்கவே எடுக்காது."

"உங்க தம்பி எச்சி பண்ணுவான்," என்றான் ரோய்னே.

"தாத்தா பண்ண மாட்டார்."

மாமா கோட்டைக் கழற்றினார். அறுபத்தாறு வயது மனுஷர் பாறை மேல் குப்புறப் படுத்தார். கன்னத்தைப் படகில் வைத்து, கண்ணை மூடி, மெல்ல நகர்ந்தார். "இது அடி... இது ஒருத்தன். இன்னொருத்தன். நொறுநொறுன்னு இருக்கு." பதினான்கு வருடம் சாயம் பூசியவர், அன்றுதான் அந்தப் படகைத் தொட்டார். பிள்ளைகளும் அவரைச் சுற்றிப் படுத்துக் கன்னத்தை வைத்தார்கள். யார் பார்த்தாலும் ஊரே பாறையில் தூங்குகிறது என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு அவராகவே டாட்டாக்காரனின் கைக்கு நகர்ந்தார். அவர் அங்கே ரொம்ப நேரம் இருந்தார். உதட்டை வைத்தும் பார்த்தார்.

எழுந்து உட்கார்ந்தபோது கன்னமெல்லாம் சிவப்புச் சாயத்தின் தூள்.

"பென்சில் வச்சிருக்கியா?" என்றார் உல்ரிக்காவிடம். "எழுது. கை இல்ல. பனி இழுத்த கோடு. பூசினவன் தப்பாப் பூசிட்டான்."

"பூசினது யாருன்னு எழுதட்டுமா?" என்றாள் அவள் மெதுவாக.

"எழுதாம? எலியாஸ்னு எழுது. கண்டுபிடிச்சதும் எலியாஸ்னு எழுது. ரெண்டும் ஒரே ஆள்தான்."

மே கடைசியில் கண்காட்சியில் அப்படியேதான் எழுதியிருந்தது. மாமா முன் வரிசையில்தான் உட்கார்ந்தார். சிக்வர்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "கை இல்லையா? பதினோரு சட்டை தச்சாச்சு, இப்ப சொல்றீங்களே!" சட்டையை யாரும் பிரிக்கவில்லை. எங்கள் ஊர்க் கால்பந்துக்காரர்கள் இன்றைக்கும் இல்லாத கையை ஆட்டிக்கொண்டுதான் தோற்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். யோர்டிஸ் பாறையிலிருந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் காகிதங்களை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். "வேற அறை பாக்கணும் அஸ்தா," என்றாள். "அவரக் குழந்தைங்க முன்னாடி அப்படி நிக்க வச்சிட்டேன்." நான் கூடப் போனேன். அவளுக்காக இல்லை, மாமாவுக்காக.

மாமா மேஜையில் மூன்று கோப்பை வைத்திருந்தார். விருந்தாளிக்கு வைக்க வேண்டிய ஏழு விதப் பிஸ்கட்டில் வீட்டில் இருந்த இரண்டு வகையையும் தட்டில் அடுக்கியிருந்தார். கோட்டு போட்டுக்கொண்டு நின்றார்.

"டீச்சர்," என்றார், "ஒரு உதவி. இந்தக் கழுத்துப் பொத்தான். போர்யில்ட் இருந்தவரைக்கும் அவ போட்டு விடுவா."

அத்தனை வருடம் திட்டியிருக்கிறேனே, ஒரு நாளாவது ஏன் என்று கேட்டேனா? நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

யோர்டிஸ் பொத்தானைப் போட்டாள். அவளுக்கும் இரண்டு மூன்று தடவை நழுவியது. போட்டு முடித்ததும் மாமா இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கினார்.

"என் பேர் எலியாஸ்," என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "என் பேர் யோர்டிஸ்."

"காபி ஆறுது. குடி."

"நீயும் குடி, எலியாஸ்."

அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு மே மாதம் அவர்கள் இருவரையும் பாறையில் பார்க்கலாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, "இங்க... இங்க... நிறுத்து," என்பாள். அவர் அவள் விரலுக்குப் பின்னாலேயே சாயத் தூரிகையைக் கொண்டுபோவார். "உன் விரல்ல பூசிட்டேன்," என்று ஒரு தடவையாவது கத்துவார். முப்பத்தைந்து வருடத்தில் அவள் எத்தனையோ வகுப்புகளைப் பாறைக்குக் கூட்டிப்போனாள், எல்லாப் பிள்ளைகளும் முதலில் என் பீப்பாயில்தான் பழகினார்கள். உல்ரிக்கா இப்போது உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் பழைய எலும்புகளைப் பார்க்கிறாள். ரோய்னே மீன் ஏலத்தில்.

எலியாஸ் மாமா எண்பத்தாறாம் வருடம் தூக்கத்தில் போனார். வீட்டை யோர்டிஸுக்கு எழுதி வைத்திருந்தார். என் அம்மா வழி உறவு அத்தனையும் முகத்தைத் தூக்கியது. சித்தி மகன் வால்ஃப்ரிட் இன்னும் என்னோடு பேசுவதில்லை, ஏனென்றால் அது சரிதான் என்று முதலில் சொன்னது நான். அடக்கத்தன்று சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டதும் அவள்தான்.

யோர்டிஸுக்கு இந்த நவம்பரில் எழுபத்தெட்டு. முழங்கால் படியேற விடுவதில்லை, அதனால் மாடி அறையை விட்டுவிட்டாள். இப்போது எலியாஸ் மாமாவின் வீட்டில், கீழ் அறையில் இருக்கிறாள்.